ஓடாத லாரி

கொட்டகையில் நின்ற பழைய ராணுவ லாரியைச் சோதித்து அனுமதி தர வந்த அதிகாரியின் கை அதன் பானெட்டை நோக்கிப் போனதும், வண்டிக்காரரின் மகள் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"கிரீஸ் சார். கை அழுக்காயிடும்."

அவர் உதட்டைச் சுழித்தார். "பட்டாளமே வேணாம்னு கழிச்சுக்கட்டினதுக்கு உங்களுக்கு அனுமதி வேற. இது ஓடுமா?"

"எத்தனையோ மெக்கானிக் பார்த்தாச்சு சார். என்னாலயே கிளப்ப முடியல" என்றார் அப்பா. "இவளும் ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பா. போய்ப் படிடின்னு விரட்டிவிடுவேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"ஓடாத வண்டின்னா காட்சிக்கு வச்சுக்கலாம். பதிவு பண்ணாம ரோட்டுல ஓட்டினது தெரிஞ்சா பறிமுதல்தான்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, காரைத் திருப்ப அவர் கொட்டகைக்குப் பின்னால் போனார். கார் பொசுக்கென்று சேற்றில் இறங்கியது.

அப்பாவும் மகளும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். காலை மழையில் ஊறிய மண்ணில், தெருவிலிருந்து கொட்டகையின் பின்கதவு வரை, அகலமான டயர்த் தடம் ஈரம் காயாமல் பள்ளமாகக் கிடந்தது. அதில்தான் கார் மாட்டியிருந்தது.

அதிகாரி திரும்பி லாரியின் சக்கரங்களைப் பார்த்தார். அப்பா மகளைப் பார்த்தார்.

"என்னாலயே முடியாதத யாருடி ஓட்டினது?"