மேகத்தில் மாட்டிய ஷாட்

ஒரு படத்தொகுப்பாளரின் கணினிக்குள் இரண்டு ஷாட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. முதல் ஷாட்டில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய தம்பியை நோக்கி ஒரு அக்கா நல்ல வெயிலில் ஓடி வருவாள். இரண்டாவதில் அவனைக் கட்டிக்கொள்வாள். அதை எடுப்பதற்குள் மேகம் வந்து சூரியனை மூடிவிட்டதால், அந்த ஷாட் நீலம் பாரித்து மங்கிக் கிடந்தது.

“ரெண்டும் வேற வேற நாள் மாதிரி இருக்கே. பின்னாடி இருக்கிறதைத் தூக்கிட வேண்டியதுதான்,” என்று சொல்லிவிட்டுத் தொகுப்பாளர் டீ குடிக்கப் போனார்.

மங்கல் ஷாட்டுக்கு அழுகை முட்டியது. திரையின் ஓரத்தில் இருந்த, நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் சக்கரத்திடம், “என்னைக் கொஞ்சம் வெளிச்சமாக்கேன்,” என்று கெஞ்சியது.

“ஓரளவுக்குத்தான் முடியும். அதுக்கு மேல ஏத்தினா முகமெல்லாம் புள்ளி புள்ளியாயிடும். பக்கத்துல இருக்கிற வெயில் ஷாட் கொஞ்சம் இறங்கி வந்தா உண்டு,” என்றது சக்கரம்.

அதை எப்படிப் போய்க் கேட்பது? மங்கல் ஷாட் இன்னும் மங்கியது.

“என் வெயிலைக் குறைச்சிடு,” என்று சக்கரத்திடம் சொன்னது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வெயில் ஷாட்.

“அப்புறம் அக்காவோட மூக்குத்தி மினுங்காதே!” என்றது சக்கரம்.

“போகட்டும். இவன் இல்லேன்னா நான் யாரைப் பார்த்து ஓடுறேன்?”

தொகுப்பாளர் திரும்பி வந்து, மனசு கேட்காமல் சக்கரத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். வெயில் சாந்தமாக இறங்கியது. மங்கலில் இளஞ்சூடு பரவியது. “அட, ஒட்டுதே!” என்றார்.

படம் திரையிட்ட அன்று, அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டதும் அரங்கமே கண்ணைத் துடைத்தது. மங்கல் ஷாட் வெயில் ஷாட்டின் பக்கம் சாய்ந்தது.

“அண்ணே, உங்களாலதான்...”

“உஷ்! எல்லாரும் உன்னைத்தான் பார்க்கிறாங்க,” என்றது வெயில் ஷாட்.