புறங்கை

"இன்னா தம்பி, கம்பி பூரா இரும்பா இருக்குது. புள்ள கைய வச்சா கரண்டு இழுக்காதுங்களா?"

கண்ணாயிரம் மறுபடியும் அதையே கேட்டார்.

கள்ளக்குறிச்சியில் கிடார் கடை போட்டவனுக்கு விதவிதமான கேள்விகள் பழக்கம்தான். இவர் நிறத்தைப் பார்க்கவில்லை, விலையையும் கேட்கவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயி. மகள் எழில்மதி கல்லூரியில் சேர்ந்தால் கிடார் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம். சேர்ந்துவிட்டாள். எலக்ட்ரிக் கிடார்தான் வேண்டும் என்கிறாள். புதிதாகக் கற்பவர்களுக்கு அது நல்லதுதான். கம்பி மெலிசு, விரல் அவ்வளவாக வலிக்காது.

சிவப்புக் கிடார் ஒன்றை மடியில் வைத்திருந்தாள். அப்பா தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கம்பியில் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். அவருக்குச் சந்தேகம் தீராவிட்டால் வெறுங்கையோடுதான் ஊர் திரும்பவேண்டும். அவள் முகத்திலேயே அது தெரிந்தது.

ஷாக் சுத்தமாக அடிக்காது என்றேன். அது முழு உண்மை இல்லை. வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால், ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டும்போது கம்பியில் லேசாகச் சுருக்கென்று இருக்கும். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகாது. இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

ஒயரை மாட்டி, பெட்டியை ஆன் செய்து, கம்பியைத் தட்டிக் காட்டினேன். பாருங்கள், தொட்டுவிட்டு உயிரோடுதானே இருக்கிறேன் என்று கிண்டல் வேறு.

அவர் சிரிக்கவில்லை. கிடாரை வாங்கி மேஜைமேல் வைத்தார். மகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு புறங்கையால் கம்பியைத் தொட்டார்.

உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை மூடவைத்துப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிக்கொள்ளலாம். மோட்டார் கொட்டகையில் புழங்குபவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கை நடுங்கியது. அந்த நடுக்கம் பெட்டியில் சத்தமாகக் கேட்டது.

இதையே கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்க வெளியே போனார்.

அப்பாவுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சிரித்தபடியே எழில்மதியிடம் கேட்டேன்.

போன வருஷம் அண்ணன் இறந்துவிட்டானாம். விடியற்காலையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன், காட்டுப்பன்றிக்காகக் கரண்ட் கொடுத்து வைத்திருந்த கம்பியை மிதித்துவிட்டானாம்.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. எந்தப் பாவி போட்ட கம்பி என்று கேட்டேன்.

"அப்பா போட்டதுதாங்க."

வெளியே ஹாரன் கேட்டது. கிடாரோடு கட்டிவைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் திரும்ப அலமாரியில் வைத்தேன். பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

இதைச் சுவரில் எங்கேயும் சொருக வேண்டியதில்லை, அப்பாவிடம் சொல்லிவிடு என்றேன்.