மணிக்கொரு சொட்டு

"அறிவு இருக்காடா உனக்கு? கண்ணுல தூசி விழுந்தா, வாட்ச் ரிப்பேர் பண்ற இடுக்கியாலயா எடுப்பே? கண்ணு என்ன கைக்கடிகாரமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் கிடந்தவர் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர். இடது கருவிழியில் கிருமி புகுந்து புண்ணாகி, வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. புண் ஆழமானால் பார்வை போய்விடும். பார்வை போனால் பிழைப்பும் போச்சு.

நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், மனுஷன் ஏற்கெனவே நொந்து கிடக்கிறார். 'டா' போட்டுத் திட்டுகிறவர் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும்; அதற்காக இப்படியா வறுத்தெடுப்பது?

அண்ணன்காரர் அதோடு விட்டாரா? மறுநாள் அவளிடமே பாய்ந்தார்.

"சிஸ்டர், மணிக்கொரு தடவை சொட்டு மருந்துன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? பத்து மணி தாண்டி நாலு நிமிஷம் ஆச்சு!"

"எனக்கு இங்க இருபது கட்டில் இருக்கு சார். அவ்ளோ அக்கறைன்னா நீங்களே போடுங்க!"

வாயை அடைக்கத்தான் சொன்னாள். அவரோ நிஜமாகவே போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

"எப்படிப் போடணும்? காட்டுங்க."

"கீழ் இமையை இப்படி இழுங்க. பாட்டில் நுனி எங்கயும் படக் கூடாது."

அன்றிலிருந்து காலை முதல் சாயங்காலம் வரை ஸ்டூலை விட்டு மனுஷன் நகரவில்லை. மணிக்கொரு சொட்டு, சொட்டுக்கொரு திட்டு.

"கையை எடுடா! கசக்கினே, தொலைச்சிடுவேன்!"

ஏழாம் நாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"புண் நல்லா ஆறிட்டு வருது. பார்வைக்கு இனி பயமில்லை."

வாட்ச்காரர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். திட்டுகிறவர் மட்டும் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய்விட்டார். நர்ஸம்மா பின்னாலேயே போனாள். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"என்ன இருந்தாலும் கூடப்பிறந்த பாசம் விட்டுப் போகுமா சார்?"

"யாரு கூடப்பிறந்தவன்? என் கடைக்கு எதிர்க்கடைக்காரன் சிஸ்டர் அவன்! நானும் வாட்ச் ரிப்பேர்தான். பதினஞ்சு வருஷமா என் கஸ்டமரையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போறான்."

நர்ஸம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ உங்க கடை?"

"பூட்டியிருக்கு. ஏழு நாளா."

"போட்டிக்காரருக்காகவா சார்?"

"அவனை ஒரு நாளாவது ஜெயிக்கணும் சிஸ்டர். அதுக்கு அவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கணுமில்ல?"