நாலு விரல் சூரியன்

ராயபுரத்தில் நாடகத் திரைகளில் ஓவியம் எழுதிவந்த கிருஷ்ணப்பன், இருபது ஆண்டுகள் பிறர் படங்களையே பார்த்து எழுதினார். பிறகு திரை தூக்கும் கயிற்றில் சிக்கி அவருடைய சுண்டுவிரல் போயிற்று. மிஞ்சிய நாலு விரல்களோடு கையைச் சிவப்பில் தோய்த்து, திரையில் பதித்து, அதையே சூரியன் ஆக்கினார். பட்டணமே அதைக் கொண்டாடியது.

"இப்பத்தான்யா இது உன் கையி" என்றாள் மனைவி பூவம்மா.

1928இல் அவருக்கு ஒரு பழந்திரை கிடைத்தது; அவர் பிறக்குமுன்பே கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியுடையது. மேலே புதிதாக எழுதுவதற்காக, வழக்கம்போல் இருவரும் பழைய சாயத்தைக் கழுவினார்கள். அரண்மனை கரைந்தது. அடியில் நாலு விரல் சூரியன் இருந்தது.

பூவம்மா அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். தழும்பு உட்படப் பொருந்தியது.

"இதையும் எங்கியோ பாத்துத்தான் போட்டியாய்யா?"

அவர் கையை எடுத்தார். உள்ளங்கையில் சிவப்பு ஈரமாக ஒட்டியிருந்தது.

மறுநாள் முதல் மறுபடியும் பிறர் படங்களையே பார்த்து எழுதினார். கைச் சிவப்பு மட்டும் கடைசிவரை போகவில்லை.