கறுப்பு டேப்

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஸ்கோப்யே நகர ஹேண்ட்பால் அரங்கில், பத்திரிகை போட்டோகிராபர் கோலே கேமரா இல்லாமல் போனும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த மாசம் அந்தப் புதுக் கேமரா கண்டிப்பா வந்துடும், வாஞ்சோ. நம்மள மாதிரி விளையாட்டுப் படம் எடுக்கறவனுக்குன்னே பண்ணியிருக்கான். நடுத்தர விலைதான், நொடிக்கு நாப்பது படம்!"

"எவன் சொன்னான்?"

"நெட் பூரா இதே பேச்சு. நீதான் பாவம், போன வாரம் என் பழசை வாங்கி ஏமாந்துட்டே."

கழுத்தில் தொங்கிய அந்தக் கேமராவைத் துடைத்தபடி சக போட்டோகிராபர் வாஞ்சோ சிரித்தான். "இன்னும் வராததை நம்பி இருந்ததை வித்தவன், என்னைப் பாவம்ங்கறே."

"ஆதாரம் இருக்குடா! போன மாசம் இதே அரங்கத்துல ரகசியமா சோதிச்சிருக்கான். இந்தப் படத்தைப் பாரு. பேரு தெரியாம கறுப்பு டேப் ஒட்டியிருக்கு. புது மாடலைச் சோதிக்கறவன்தான் அப்படி ஒட்டுவான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த வாஞ்சோவின் சிரிப்பு நின்றது. மெல்லத் தன் மணிக்கட்டை நீட்டினான். படத்தில் டேப் ஒட்டிய கேமராவைப் பிடித்திருந்த கையில் இருந்த அதே பச்சை வாட்ச்.

"அது என் கேமராடா. கீழே போட்டு உடைச்சுட்டு, வெளியே சொல்ல வெக்கப்பட்டு டேப்பால ஒட்டி வச்சிருந்தேன். இல்லேன்னா உன்னோடதை எதுக்கு வாங்கப் போறேன்?"