குடா விட்டுக் குடா

"திரும்பிப் பார்க்காதே, தாமரை. எங்க ஆபீஸ் புஷ்பவல்லி அங்க நிக்குது."

ராதாகிருஷ்ணன் மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு, துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டார். பெர்ஹெந்தியான் தீவின் வெள்ளை மணலில் கால் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கிள்ளானில் அவரும் புஷ்பவல்லியும் வேலை பார்ப்பது ஒரு கப்பல் சரக்கு அலுவலகம். இது கன்டெய்னர்கள் குவியும் வாரம். யாருக்கும் லீவு கிடையாது என்று கண்டிப்பான உத்தரவு. அதனால்தான் அவர் புதன்கிழமை மாலை கிளினிக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு நாளுக்கு எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கினார். எழுந்து நிற்கவே முடியவில்லை என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தியும் போட்டார். நடுநடுவே முனகினார்.

பதினெட்டு வருடமாக ஒரு நாள்கூட பொய் எம்.சி. எடுக்காதவர் என்று பெயர். அந்தம்மா பார்த்துவிட்டால் அந்தப் பெயர் இன்றோடு போயிற்று.

படகுக்காரரைக் கெஞ்சி அடுத்த குடாவுக்குப் போனார்கள். அங்கே கடையில்லை, கட்டடமில்லை. கண்ணாடித் தண்ணீரில் மீன்கள் தெரிந்தன. ராதாகிருஷ்ணன் முக்காட்டை எடுத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். மனம் அடங்கும் வேளையில் இன்னொரு படகு வந்தது. அதிலிருந்து இறங்கியது புஷ்பவல்லி.

அவர் தாமரையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தார். தாமரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னங்க, அந்தம்மாவுக்கா இப்படி நடுங்குறீங்க?"

"உனக்குத் தெரியாது லா. அது வாய் திறந்தா மத்தியானத்துக்குள்ள போர்ட் கிள்ளான் முழுக்கத் தெரிஞ்சிடும்."

காட்டுப் பாதையில் ஏறி இறங்கி மூன்றாவது குடாவுக்கு வந்து சேர்ந்தபோது, பொய்யாகச் சொன்ன இடுப்பு வலி உண்மையாகவே ஆரம்பித்திருந்தது. ஓர் ஆள் இல்லை. தாமரை நீரில் இறங்கிவிட்டாள். அவர் ஒரு பெரிய பாறையின் மறைவில் குந்தினார். அலைகூட மெதுவாகத்தான் வந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டார்.

பாறையின் மறுபக்கத்திலும் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

மெல்ல எட்டிப் பார்த்தார். அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து புஷ்பவல்லியும் எட்டிப் பார்த்தார். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"மன்னிச்சிடுங்க சார்," என்றார் புஷ்பவல்லி. "நீங்க படுத்த படுக்கைன்னு நம்பித்தான் நானும் காய்ச்சல்னு எம்.சி. எடுத்தேன். காலையிலேர்ந்து உங்க கண்ணுல படாம ஒவ்வொரு குடாவா ஓடிக்கிட்டிருக்கேன்."

மேனேஜர் ராதாகிருஷ்ணன் நிதானமாக எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாருக்கும் லீவு கிடையாதுன்னு நான் சொன்னேன்ல? திங்கட்கிழமை முதல் வேலையா என் ரூமுக்கு வாங்க."