சனிக்கிழமைச் சோதனை

"அசையாம நில்லுங்க. பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க," என்றாள் வெர்னா.

"என் பொண்டாட்டி இருந்திருந்தா உன்னைச் சந்தேகப்பட்டிருப்பா," என்றார் ஹார்லன்.

"அவ இருந்திருந்தா பொத்தான் சரியா இருந்திருக்கும். நேரா பாருங்க."

ஹார்லன் பழைய பட்டாள மிடுக்கில் விறைத்து நின்றார். வியட்நாமில் இடது காலை முழங்காலோடு விட்டுவிட்டு வந்தவர். எழுபத்தாறு வயதிலும் செயற்கைக் காலைத் தட்டிக் காட்டி, "இந்த ஊர்க் கொசுவை ஏமாத்தினவன் நான் ஒருத்தன்தான்" என்று பெருமையடிப்பார்.

பொத்தானைச் சரிசெய்யும் சாக்கில், உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்த மீன்பிடி லைசென்ஸ் அட்டையை வெர்னா அவருடைய சட்டைப் பைக்குள் நழுவவிட்டாள். அவர் கவனிக்கவில்லை.

நாலு வாரமாக இதே கதைதான். மீன் பிடித்துவிட்டு வந்ததும் அவளுடைய தூண்டில் கடையில் காப்பி குடிப்பார். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன் என்று பையில் இருப்பதையெல்லாம் மேசையில் கொட்டுவார். பேச்சு சுவாரசியத்தில் அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். அவள் அதை எடுத்து அடுத்த சனிக்கிழமை வரை கல்லாவில் போட்டு வைப்பாள். மறந்துட்டீங்க என்று சொன்னால் மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லாமல் விட்டாலோ, வெளியே படகுத்துறையில் நிற்கிற ஜோலீன் அவரை ஏரியில் இறங்க விடமாட்டாள். வாரம் முழுக்க இந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் ஹார்லன் எழுந்து முகம் கழுவுகிறார் என்பது வெர்னாவுக்குத் தெரியும்.

"தூண்டிலுக்குப் பொடிமீன் ஒரு டஜன் கொடு," என்றார் ஹார்லன்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

கையிலிருந்த வாளியைக் குனிந்து பார்த்தார். பொடிமீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. "உன்னைச் சோதிச்சுப் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டுத் துறைக்கு நடந்தார்.

ஜோலீன் ஏரிக்காவல் அதிகாரி. சின்ன வயசு, சிரிக்காத முகம். வெர்னா வாசலில் நின்று பார்த்தாள்.

"சார்ஜென்ட், லைசென்ஸ்."

"போன வாரம் பார்த்ததுதானே, ஆபீசரம்மா. அதுக்குள்ள எனக்குக் காலா முளைச்சிடும்?"

"முளைச்சிருந்தா இந்த லைசென்ஸ் செல்லாது. அதுக்குத்தான் கேக்கிறேன். எடுங்க."

"மான் வேட்டைக்கும் இதே அட்டைதான். காட்டுக்கும் பின்னாலேயே வருவியா?"

"துப்பாக்கியைத்தான் மகள்கிட்ட கொடுத்துட்டீங்களே."

"மானெல்லாம் கெஞ்சிச்சு. பாவம்னு விட்டுட்டேன்." அவர் கை பழக்கத்தில் நேராகச் சட்டைப் பைக்குப் போனது. அட்டை வந்தது. ஜோலீன் அதை முன்னும் பின்னும் திருப்பி, ஏதோ கள்ள நோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். ஹார்லன் முகமெல்லாம் சிரிப்பாகப் படகில் ஏறினார். மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

ஜோலீன் காப்பிக்காக உள்ளே வந்தாள். வெர்னா கோப்பையை ணங்கென்று வைத்தாள்.

"நீயெல்லாம் மனுஷிதானா? கால் போனவருக்கு அரசாங்கம் ஆயுசுக்கும் செல்லும்னு கொடுத்த லைசென்ஸ் அது. வாரா வாரம் அதுல அப்படி என்னத்தைப் பார்க்கிறே? உன் மேலதிகாரிக்கு இன்னைக்கே எழுதிப் போடப்போறேன்."

ஜோலீன் முதன்முறையாகச் சிரித்தாள். "எழுதுங்க. அவருக்கே ஒண்ணும் புரியாது." கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். "உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். இப்ப நல்ல சேதியாச்சே, சொன்னா என்ன?"

தன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஹார்லனின் சாய்ந்த கையெழுத்து.

'ஜோலீன், என் மறதிக்கு டாக்டர் ஒரு நீளமான பேர் வைத்திருக்கிறார். ஏரியில் வழி தெரியாமல் சாக எனக்கு ஆசையில்லை. அதற்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்து சாகவும் ஆசையில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் லைசென்ஸைக் கேள். ஞாபகமாக எடுத்து வந்திருந்தால் போக விடு. மறந்து வந்தால் அன்றைக்கே படகுச் சாவியைப் பிடுங்கிக்கொள். எவ்வளவு திட்டினாலும் கொடுக்காதே.'

வெர்னா கல்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோடை ஆரம்பத்துல ரொம்பத் தடுமாறினார்," ஜோலீன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு பையாத் தேடுவார். இப்ப பாருங்க, நாலு வாரமா அதே பை, ஒரு நொடிகூட யோசிக்கிறதில்லை. மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு நேத்துதான் அவர் மகளுக்குப் போன் பண்ணினேன். அவ சந்தோஷத்துல அழுதுட்டா. இனிமே எதிர்க்கரை வரைக்கும் தனியாப் போகலாம்னு இப்பதான் அவர்கிட்டயே சொன்னேன். முகத்தைப் பார்த்தீங்கல்ல?"

வெர்னா ஜன்னல் வழியே பார்த்தாள். தண்ணீர் மேல் படகு எதுவும் தென்படவில்லை.

"காப்பியைக் கீழே வை ஜோலீன். உன் படகைக் கிளப்பு," என்றாள். "அந்தப் பையில அட்டையை வைக்கிறது நான்தான்."